வெளியே நின்ற ஆண்டுகள்

சாஃப்ட்பால் ஆட்டத்தில் என் மனசுக்கு நெருக்கமான விதி ஒன்று உண்டு. ஆட்டத்தைத் தொடங்கிய ஒருவரை நடுவில் வெளியே அழைத்து, அவர் இடத்தில் வேறொருவரை இறக்கலாம். அப்படி வெளியே வந்தவர், வரிசையில் தமக்கிருந்த அதே இடத்துக்கு ஒரே ஒருமுறை திரும்பி வரலாம். பேஸ்பாலில் இது கிடையாது. அங்கே போனவர் போனவர்தான்.

இந்த விதியை நான் தெரிந்துகொண்டது ரெய்கா உட்சுகி என்ற பெண்ணைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது. அவர் 1963இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். அப்போது அவர் பெயர் ரென் யான்லி. 1988இல் ஜப்பானுக்கு வந்து தகாசாகி நகரில் ஹிட்டாச்சி நிறுவனத்தின் அணியில் சேர்ந்தார். அங்கே முன்னணி அணிகள் பெரும்பாலும் நிறுவன அணிகள்தான். ஆடுகிறவர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்களாகவும் இருப்பார்கள். அணியின் பயிற்சியாளர் தாயெகோ உட்சுகி. 1995இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்றபோது அந்தப் பயிற்சியாளரின் குடும்பப் பெயரையே தன் பெயராக எடுத்துக்கொண்டார். தத்துப் பிள்ளை வீட்டுப் பெயரை ஏற்பது போல என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ரெய்கா என்பதை எழுதும் இரண்டு எழுத்துகளில் முதலாவது அவருடைய சீனப் பெயரில் இருந்த அதே எழுத்து. இரண்டாவது எழுத்துக்குப் பூ என்றும் பொருள், சீனா என்றும் பொருள். விட்டு வந்த வீட்டைப் பெயருக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக். சாஃப்ட்பால் முதல்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற ஆண்டு அது. குடியுரிமை மாறியவர் மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகே புதிய நாட்டுக்காக ஆடலாம். அதற்கு முன் ஆடவேண்டுமானால் பழைய நாட்டின் சம்மதம் வேண்டும். சீனா சம்மதிக்கவில்லை. ரெய்காவுக்கு அப்போது வயது 33. பிறந்த நாடு இறுதி ஆட்டம் வரை போய் வெள்ளி வென்றது. குடியேறிய நாடு நான்காவதாக வந்தது. இரண்டு வரிசையிலும் அவர் இல்லை.

இந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு வெகுநேரம் ஆயிற்று. காரணம் என் சொந்தக் கதை. அம்மா படுக்கையில் கிடந்த மூன்றரை ஆண்டுகள் நான் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். பிறகு மறுபடி வேலை கேட்டுப் போனபோது, எதிரே உட்கார்ந்திருந்தவர், "நடுவுல இத்தனை வருஷம் என்னம்மா பண்ணினீங்க?" என்று கேட்டார். கேட்டதில் குரூரம் ஏதுமில்லை. எனக்குத்தான் வாய் திறக்கவில்லை. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தது, கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டியது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைத்தது எல்லாம் கண் முன்னால் வந்தன. விண்ணப்பத்தில் அவற்றை எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

வெளியே நிற்கும் காலத்தை என்னவென்று எண்ணிக்கொள்வது? காத்திருந்தால் எல்லாம் கைகூடும் என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 33 வயதில் கைநழுவிய ஒரு கோடைக்காலம் நழுவியதுதான். 2000இல் சிட்னியில் ரெய்கா ஜப்பானுக்காக ஆடினார், 37 வயதில். அமெரிக்காவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்து அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். ஆனாலும் எட்டாவது இன்னிங்ஸில், மழை ஈரத்தில், ஜப்பானியர் கைக்கு வந்த ஒரு பந்து தவறியது. 2-1 என்று தோற்று, கிடைத்தது வெள்ளி. 2004இல் ஏதென்ஸில் 41 வயதில் மீண்டும் இறங்கினார், வெண்கலம். ஒலிம்பிக் தங்கம் அவர் ஆட்டக்காரியாக இருந்தவரை வரவே இல்லை. இழந்ததற்கு ஈடு என்று இவற்றில் எதைச் சொல்வது?

அந்த ஏதென்ஸ் அணியில் யுகிகோ உவேனோ என்ற 22 வயதுப் பந்துவீச்சாளர் இருந்தார். தகாசாகியில் ரெய்காவோடு ஒரே அணியில் ஆடியவர், பிறகு அவரிடமே பயிற்சி பெற்றவர். 2008இல் பெய்ஜிங்கில் இரண்டே நாளில் மூன்று ஆட்டங்கள் ஆடி, 413 பந்துகள் வீசி, ஜப்பானுக்குத் தங்கம் வாங்கித் தந்தார். அதோடு ஒலிம்பிக்கிலிருந்து அந்த விளையாட்டையே எடுத்துவிட்டார்கள். அந்த முடிவு முன்பே எடுக்கப்பட்டிருந்தது. 2005இல் சிங்கப்பூரில் ஒலிம்பிக் குழு நடத்திய வாக்கெடுப்பில் 52-52 என்று சமமாக வந்தது. நீடிக்கப் பெரும்பான்மை வேண்டும், ஒரு வாக்கு குறைந்தது. லண்டனும் ரியோவும் சாஃப்ட்பால் இல்லாமலே நடந்தன. இந்தமுறை ஒருத்தி மட்டுமல்ல, ஒரு தலைமுறையே வெளியே நின்றது.

ரெய்கா தேசிய அணியின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றது இந்தக் காலத்தில்தான். ஒலிம்பிக் இல்லாத ஒரு விளையாட்டுக்கு ஆட்களைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, 2012 உலகப் போட்டியில் அமெரிக்காவை வென்றார். சிட்னி ஹோம் ரன்னைவிட இதை நான் பெரிதாக நினைக்கிறேன். அடுத்த வாசல் எப்போது திறக்கும், திறக்குமா என்றே தெரியாத நாட்களில் காலையில் எழுந்து மைதானத்துக்குப் போகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

டோக்கியோவுக்குச் சாஃப்ட்பால் திரும்பியது. 2019இல் அடித்த பந்து முகத்தில் பட்டு உவேனோவின் தாடை எலும்பு முறிந்தது. அதிலிருந்து அவர் மீண்டு வந்த பிறகு போட்டிகளே ஓராண்டு தள்ளிப்போயின. ரெய்கா அவரைக் கைவிடவில்லை. 2021 ஜூலை 21 அன்று ஃபுகுஷிமாவில், பார்வையாளர் ஒருவரும் இல்லாத மைதானத்தில், முதல் பந்தை வீசியவர் உவேனோதான். மறுநாள் அவருக்கு 39 வயது நிறைந்தது.

ஜூலை 27 இரவு, யோகோஹாமாவில் இறுதி ஆட்டம். மீண்டும் அமெரிக்கா. 2-0 என்று ஜப்பான் முன்னால் இருக்கும்போது, ஆறாவது இன்னிங்ஸில் ரெய்கா உவேனோவை வெளியே அழைத்து 20 வயது மியு கோத்தோவை இறக்கினார். அந்த இன்னிங்ஸில்தான் எல்லாரும் பேசும் அந்தக் காட்சி. அமெரிக்கர் ஓங்கி அடித்த பந்து மூன்றாம் பேஸில் நின்றவரின் கையில் பட்டுத் தெறித்தது. தரையைத் தொடுமுன் பக்கத்தில் நின்ற மானா அட்சுமி அதைப் பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிந்தார். ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட். ஏழாவது இன்னிங்ஸ் பாக்கி. புதிய கை நன்றாக வீசிக்கொண்டிருந்தது. யாராக இருந்தாலும் அதையே தொடரவிட்டிருப்பார்கள்.

ரெய்கா அப்படிச் செய்யவில்லை. உவேனோவை மறுபடி உள்ளே அனுப்பினார்.

அந்த முடிவுக்கு ஆட்டக் கணக்கும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். என் மனம் அதை வேறுவிதமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. இரண்டு நாடுகளின் வரிசையிலும் பெயர் இல்லாமல் ஒரு கோடையைக் கழித்தவர் அவர். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் முடிந்துபோனவர் அல்ல என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் கடைசி இன்னிங்ஸை நான் பலமுறை பார்த்துவிட்டேன். பந்து வீசுவதற்கு முன்னால் உவேனோ பெஞ்சிலிருந்து பந்துவீச்சு வட்டத்துக்கு நடந்து வரும் சில நொடிகளைத்தான் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். அவசரம் இல்லாத நடை. நாற்காலிகள் எல்லாம் காலியாக இருந்தன. ரெய்கா தன் இடத்தில் நின்றபடி மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.