உள்ளே இருப்பதற்கு யார் பொறுப்பு?

மரப் பேனாவைக் கையில் வாங்குகிற எவரும் முதலில் கேட்பது, "இது என்ன மரம்?" என்றுதான். ஈட்டி என்று சொன்னால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். சந்தனம் என்றால் மூக்கருகே கொண்டுபோவார்கள். மல்லேஸ்வரத்தில் இடித்த ஒரு பழைய வீட்டின் ஜன்னல் சட்டத்துத் தேக்கு என்றால் அந்த வீட்டின் கதையைக் கேட்பார்கள். கிளிப் பித்தளையா, துத்தநாகமா? திருகும் பொறி எத்தனை காலம் தாங்கும்? மை தீர்ந்தால் அதே ரீஃபில் தெருமுனைக் கடையில் கிடைக்குமா? இவற்றைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்பார் இல்லாததால், செய்கிறவர்களும் மெல்ல மெல்ல இவற்றை மறந்துவிடுகிறார்கள்.

பெங்களூரில் வீட்டுப் பின்கட்டில் சின்ன லேத் ஒன்றைப் போட்டுக்கொண்டு பேனா கடைகிற எனக்கு, இது தீராத கேள்வியாகவே இருந்து வருகிறது. நான் செய்யாத பாகத்துக்கு நான் எவ்வளவு பொறுப்பு? பேனாவை விட்டு எழுந்து வேறு வேலை பார்க்கும்போதும் இந்தக் கேள்வி கூடவே எழுந்து வருகிறது.

மரப் பேனாவில் கடைபவரின் பங்கு எவ்வளவு என்று முதலில் நேர்மையாகக் கணக்குப் பார்க்க வேண்டும். விரல் தடிமனுள்ள சதுரக் கட்டையின் நடுவே துளையிடுகிறோம். மெல்லிய பேனா என்றால் 7 மில்லிமீட்டர். அதற்குள் பித்தளைக் குழாயைப் பசை தடவிச் செருகுகிறோம். இரு முனைகளையும் குழாய்க்குச் செங்குத்தாகச் சமன்செய்து, லேத்தில் பூட்டி, உளி பிடித்துக் கடைகிறோம். உப்புத்தாள், மெருகு, அவ்வளவுதான். கடைசியில் குழாயின் மேல் நிற்கும் மரம் இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. மூடி, கிளிப், நடு வளையம், முனைக்கூம்பு, பொறி, நிப், ரீஃபில் எல்லாம் பொட்டலமாக வாங்கி வந்து அழுத்திப் பொருத்துபவை. கையால் செய்த பேனா என்று சொல்லிக் கொடுக்கிறோம். கையால் செய்தது அந்த இரண்டு மில்லிமீட்டர்.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்பது என் கருத்து. திருவள்ளூரில் எபோனைட் கட்டையிலிருந்து மூடியையும் உடலையும் மரையோடு கையாலேயே கடைந்தெடுக்கும் ரங்கா பேனாக்காரர்கள்கூட, கேட்பவருக்கு ஜெர்மனியின் யோவோ, போக் நிப்களைப் பொருத்தித் தருகிறார்கள். நிப் செய்வது தனிக் கலை. அதற்கான இயந்திரங்கள் வேறு. எல்லாவற்றையும் ஒருவரே செய்ய வேண்டும் என்றால் உலகில் பேனாவே இருக்காது. வாங்கலாம். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். என் கேள்வி தொடங்கும் இடம் இதுதான்.

எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற டர்னர் ஒருவர். தருமபுரிப் பக்கத்திலிருந்து இளவயதில் பிழைக்க வந்து இந்த ஊரின் பட்டறைகளிலேயே தலை நரைத்தவர். லேத் என்பது பெங்களூருக்கு வெறும் இயந்திரம் அன்று. 1953-ல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் துணையோடு எச்.எம்.டி. தொடங்கப்பட்டு, ஜாலஹள்ளியில் லேத்துகள் செய்யப்பட்ட நாளிலிருந்து, அளவுக்குள் வேலை செய்வது என்றால் என்ன என்பதை இந்த ஊரில் ஒரு தலைமுறையே கற்றது. 1961-ல் அதே எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து கைக்கடிகாரமும் செய்யத் தொடங்கியது. அளவு பார்க்கும் அந்தப் பழக்கம் பீன்யாவின் சின்னப் பட்டறைகள் வரை இறங்கியிருக்கிறது. அந்த டர்னர் எந்தப் பாகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் அழகைப் பார்க்க மாட்டார். வெர்னியரைத் திறப்பார்.

"பித்தளையா பார்த்து வாங்குங்க தம்பி. துத்தநாக வார்ப்புல மரை நிக்காது. நாலு தடவ திருகினா வழுக்க ஆரம்பிச்சிடும்" என்றார் ஒரு நாள். "மேல முலாம் பூசிட்டா ரெண்டும் ஒண்ணாத்தானே அண்ணே இருக்கு?" என்றேன். வளையத்தின் உட்புறத்தை, குழாய்க்குள் போய் மறையும் இடத்தை, அரத்தால் லேசாக ஒரு இழு இழுத்துக் காட்டினார். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. சாம்பல் வெள்ளையாகத் தெரிந்தால் துத்தநாகக் கலவை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு கீறல் போதும், முழு உண்மையும் வந்துவிடுகிறது.

முலாம் இன்னும் தந்திரமான விஷயம். தங்க முலாம் என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். எத்தனை மைக்ரான் என்று இருக்காது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மலிவான உதிரிகளில் தங்கம் அந்த ஒரு மைக்ரானில் மிகச் சிறிய பங்காகத்தான் இருக்கும். விரல் படும் முனைக்கூம்பில் வியர்வையின் உப்பும் உராய்வும் சேர்ந்து அதைச் சில மாதங்களிலேயே தின்றுவிடும். அடியிலிருக்கும் நிக்கல் எட்டிப் பார்க்கும். சிலர் தோலுக்கு நிக்கல் ஆகாது, அரிக்கும். ஆனால் டைட்டானியம் நைட்ரைடு என்ற பூச்சில் ஒரு துளி தங்கமும் கிடையாது. அதே பொன்னிறம், பல மடங்கு கடினம். எஸ்.பி. ரோடு கடைகளில் தங்க நிறத்தில் மின்னும் டிரில் பிட்டுகள் மேல் இருப்பதும் இதுதான். இரும்பைத் துளைத்தும் உடனே உரியாதது விரல் பட்டு உரிந்துவிடுமா? தங்கம் என்ற பெயருக்காக மெல்லிய முலாமை வாங்குவதைவிடப் பெயரில் பெருமையில்லாத இந்தப் பூச்சை வாங்குவது எவ்வளவோ மேல். புதிதாக ஒரு சரக்கு வந்தால் ஒரு கிளிப்பை உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றிச் சில நாள் வைத்துப் பார்ப்பேன். புள்ளி விழுந்தால் அந்தச் சரக்கு பேனாவுக்குப் போகாது.

திருகு பொறியைக் காதாலும் விரலாலும் பார்க்க வேண்டும். திருகும்போது வழி நெடுக ஒரே அளவு இறுக்கம் இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் தெளிவாக நிற்க வேண்டும். பிறகு ரீஃபிலின் நுனியை விரலால் பக்கவாட்டில் அசைத்தால் ஆடக் கூடாது. ஆடினால் எழுதும் ஒவ்வொரு எழுத்திலும் அந்த ஆட்டம் கைக்குத் தெரியும். நிப்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் நடுப்பிளவின் இருபுறமும் ஒரே அகலமாக, நுனியில் இரண்டு பற்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று தெரியும். மை தொடாமல் தாளில் எட்டு போட்டுப் பார்த்தால், கிழிக்கும் சத்தம் எந்தத் திசையில் வருகிறது என்று காதே சொல்லிவிடும். நிப்பின் மேல் இரிடியம் என்று பொறித்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. இன்று அந்த நுனியில் இருப்பது பெரும்பாலும் வேறு கடின உலோகக் கலவை. பெயர்தான் பழக்கத்தில் நிற்கிறது. நன்றாகத் தீட்டிய எஃகு நிப், மோசமாகத் தீட்டிய தங்க நிப்பைவிட நூறு மடங்கு உயர்ந்தது.

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் கருதுவது ரீஃபிலின் அளவு. 1954-ல் வந்த பார்க்கர் ஜாட்டர் பேனாவின் வழியாகப் பரவிய ரீஃபில் அளவு பின்னர் சர்வதேசத் தரமாகவே ஆனது. பல நிறுவனங்கள் அதைச் செய்கின்றன. சிறு ஊர்களின் ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கிறது. அந்த அளவை ஏற்கும் பேனாவுக்கு நீண்ட ஆயுள் உண்டு. ஏதோ ஒரு தொழிற்சாலை மட்டும் செய்யும் விசித்திர அளவில் பேனா இருந்தால், அந்த ஈட்டி மரம் எத்தனை அழகாக இருந்தாலும் முதல் மை தீர்ந்த அன்று அது அலமாரிக்குப் போய்விடும். மரம் வளர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கலாம். ஈட்டி உட்பட டால்பெர்ஜியா பேரினம் முழுவதுமே 2017 முதல் உலக வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அப்படிப்பட்ட மரத்தில் ஒரு துண்டை எடுத்து, சில மாதங்களில் தேய்ந்துபோகும் பொறியின் மேல் போர்த்துவதை நான் தவறு என்றே சொல்வேன்.

இப்படிச் சொல்லும்போது என் பங்கான மரத்தை விட்டுவிட முடியாது. மரம் இழையின் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதில்லை, குறுக்கே சுருங்குகிறது. பித்தளைக் குழாய்க்கு ஈரமும் வறட்சியும் ஒன்றுதான். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் கடைந்த பேனா, மார்ச், ஏப்ரலில் பெங்களூரின் வறண்ட மதியத்துக்கு வந்து சேரும்போது, சுருங்க நினைக்கும் மரத்தைக் குழாய் விடாது. நீளவாக்கில் மயிரிழை போல ஒரு விரிசல் விழும். கட்டையை வாங்கியதும் கடைந்துவிடாமல், இந்த ஊர்க் காற்றுக்குப் பழகும்வரை வைத்திருந்து, ஈரமானியால் பார்த்து, 10, 12 சதவீதத்துக்கு இறங்கிய பிறகே துளையிட வேண்டும். இந்தக் காத்திருப்பும் வெளியே தெரியாத வேலைதான். வாங்குபவரின் கண்ணுக்கு ஈரமான கட்டையும் காய்ந்த கட்டையும் மெருகு போட்ட அன்று ஒன்றாகவே இருக்கும்.

மைசூர் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் போனால் சென்னபட்டணம். தமிழில் வெட்பாலை என்று சொல்லும் மரத்தை அங்கே ஆலெ மரம் என்கிறார்கள். அதைக் கடைந்து, லேத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போதே அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறும். பிறகு தாழை மடலை வைத்து அழுத்தினால் கண்ணாடி போலப் பளபளக்கும். பம்பரமோ கிலுகிலுப்பையோ, மரமும் அரக்கும் தவிர உள்ளே ஒளிந்திருப்பது அதிகம் இல்லை. அந்தக் கைவினைஞர்களைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவர்கள் செய்வதெல்லாம் வெளியே தெரிகிறது. குழந்தை வாயில் வைக்கும் பொருள் என்பதால், எந்தச் சாயத்தை அரக்கில் கலக்கிறோம் என்ற ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். அங்கேயும் பொறுப்பு கடைசியில் வாங்கி வந்த பொருளின் மேல்தான் வந்து நிற்கிறது.

நண்பர் ஒருவர் எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். "மரத்துக்காகத்தானே காசு கொடுக்கிறாங்க? உள்ளே இருக்கிறது போனா வாங்கிப் போட்டுத் தர்றேன்னு சொல்லிட்டுப் போ" என்று அவர் ஒருமுறை வாதிட்டார். 2021 டிசம்பரை நினைவுபடுத்தினேன். லாக்ஃபோர்ஜே என்ற சிறு மென்பொருள் பாகத்தில் பெரிய ஓட்டை இருப்பது வெளிவந்தபோது, இந்த நகரத்தின் பொறியாளர்களில் பலர் வார இறுதியில் தூங்கவில்லை. அவரும்தான். அந்தப் பாகத்தை எழுதியது அவர் இல்லை. தன் நிரலுக்குள் அது எங்கெல்லாம் இருக்கிறது என்பதே பல நிறுவனங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் வாடிக்கையாளர் போனில் கூப்பிட்டது அவரைத்தான், கூப்பிட்டது நியாயமும்கூட. சேர்த்தவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும் என்று அன்று அவரே ஒப்புக்கொண்டார்.

நாம் எல்லோருமே ஏதோ ஒரு வகையில் பிறர் செய்ததைச் சேர்த்துத்தான் வாழ்கிறோம். ஆசிரியர் பிறர் எழுதிய பாடத்தை வைத்துக் கற்பிக்கிறார். மருத்துவர் பிறர் செய்த மாத்திரையை எழுதித் தருகிறார். வீட்டில் சமைப்பவர் யாரோ விளைவித்த அரிசியைத்தான் உலையில் போடுகிறார். "நான் செய்யல, வாங்கிப் போட்டேன்" என்பது நம் காலத்தில் மிக எளிதாகக் கிடைக்கும் சமாதானமாகிவிட்டது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தேர்ந்தெடுத்தது யார் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. தேர்வும் வேலையில் ஒரு பகுதி. உளி பிடிக்கும் நேரத்தில் இருக்கும் கவனம், விலைப்பட்டியலைப் பார்க்கும் நேரத்திலும் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதை நினைக்கும்போதெல்லாம் ஜே.சி. குமரப்பா நினைவுக்கு வருவார். 1892-ல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பின்னர் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைக் கட்டி வளர்த்தவர். ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் செய்த சுதேசி பேனா அவர் வழியாகத்தான் காந்தியிடம் போய்ச் சேர்ந்தது. 1935 ஜூலையில் காந்தி ரத்னத்துக்கு எழுதிய கடிதத்தில், பேனாவைத் தான் பயன்படுத்திப் பார்த்ததாகவும், கடைகளில் காணும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்றாகத் தெரிவதாகவும் சொல்கிறார். அழகாக இருக்கிறது என்று பாராட்டி நிறுத்தவில்லை. எழுதிப் பார்த்துவிட்டுச் சொன்னார். ஒரு பேனாவுக்கு இதைவிட நேர்மையான சான்றிதழ் இருக்க முடியாது. நான் செய்யும் ஒவ்வொரு பேனாவிலும் ஒரு முழு ரீஃபில் தீரும்வரை எழுதிப் பார்ப்பது நடக்காத காரியம். ஒரு வகைப் பொறியைப் புதிதாக வாங்கினால், அதில் முதல் பேனாவை நானே வைத்துக்கொண்டு தினமும் எழுதுகிறேன். அது தாங்கிய பிறகுதான் அடுத்தது பிறர் கைக்குப் போகிறது.

இப்படிச் செய்தால் விலை ஏறும். நல்ல பொறியும் நல்ல பூச்சும் கட்டையைவிட அதிக விலை பிடிக்கும் நாட்களும் உண்டு. சந்தைகளில் பாதி விலைக்கு அதே மாதிரி தெரியும் பேனா கிடைக்கும்போது, வாங்க வருபவருக்கு வித்தியாசத்தைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் நல்ல உதிரி செய்பவரும் ஒரு நாள் மலிவுக்கு இறங்கிவிடுவார்.

ஆகவே வாங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கைவினைப் பேனா வாங்கும்போது மரத்தின் பெயரைத் தாராளமாகக் கேளுங்கள். அதைச் சொல்வதில் எங்களுக்கும் மகிழ்ச்சி. கூடவே மூன்று கேள்விகள்: உள்ளே எந்த அளவு ரீஃபில், விரல் படும் இடத்தில் என்ன பூச்சு, பொறி கெட்டால் அதே பாகம் கிடைக்குமா? கடைந்தவருக்கு விடை தெரியவில்லை என்றால், மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பேனாவை வாங்காதீர்கள்.