யாருக்கு முதலில் வேலை?

உதவித்தொகையில் வாழ்பவரை வேலைக்கு வைத்து, அவர் சம்பளத்தை அரசே ஏற்கும் திட்டங்களில் இடங்கள் எப்போதும் குறைவு. அந்த இடம் யாருக்குப் போக வேண்டும்? இன்றோ நாளையோ தானாகவே வேலை தேடிக்கொள்ளக் கூடியவருக்கா, பல ஆண்டுகளாக எந்த வேலையும் வாய்க்காதவருக்கா? முன்னவரைச் சேர்த்தால் அறிக்கை அழகாக வரும். அதிகாரிகளுக்கு அந்தச் சபலம் இயல்பு.

அமெரிக்காவில் 1975இல் தொடங்கிய தேசிய ஆதரவு வேலைச் சோதனை பின்னவர்களையே தேடிப்போனது. முந்தைய 36 மாதங்களில் 30 மாதமாவது உதவித்தொகை பெற்ற தாய்மார், சிறையிலிருந்து வந்தவர்கள், போதைப்பழக்கத்திலிருந்து மீண்டவர்கள், பள்ளியைப் பாதியில் விட்ட இளைஞர்கள். சிறு குழுவாக வேலை, பக்கத்திலேயே மேற்பார்வையாளர், மெல்ல மெல்லக் கூடும் பொறுப்பு, ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டுவரை சம்பளம். விரும்பியவர்தான் சேர்ந்தார். இளைஞர்களிடம் நிலையான பலன் தெரியவில்லை. தாய்மாரின் வருமானமோ, திட்டத்தை விட்டு வெளியேறிய பிறகும் உயர்ந்தே நின்றது. அவர்களிலும் நெடுங்காலம் உதவித்தொகையில் இருந்தவர்களே அதிகம் முன்னேறினார்கள். 'இவர் தேறமாட்டார்' என்று முதல் பார்வையிலேயே ஒதுக்கப்படுகிறவர்கள் இவர்கள்தாம். எப்படியும் வேலை பெறப்போகிறவருக்கு மானியத்தால் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. வழியே இல்லாதவருக்கு எல்லாமே மாறுகிறது.

அந்தச் சோதனையில் இடம் கிடைப்பதைக் குலுக்கலே தீர்மானித்தது. கேட்டு வந்தவரைச் சீட்டு விழவில்லை என்று திருப்பி அனுப்புவது கொடுமைதான். ஆனாலும் இடம் போதாதபோது, அதிகாரியின் விருப்பு வெறுப்பைவிடக் குலுக்கல் நியாயமானது. இடங்களைக் குறைவாகவே வைத்திருப்பதற்கு அது நியாயம் ஆகாது.

நியூயார்க்கில் 1990களில் விரிந்த திட்டம் வேறு வகை. உதவித்தொகை பெற்றவர்கள் பூங்காக்களையும் தெருக்களையும் பெருக்கினார்கள். சம்பளம் கிடையாது, கைக்கு வந்தது அதே உதவித்தொகைதான். மறுத்தால் அதிலும் வெட்டு விழும். வரிப்பணம் பெறுபவர் பதிலுக்கு உழைக்கட்டுமே என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் உழைப்பைக் கேட்கிறவர் கூலியும் தரவேண்டும். பக்கத்தில் கூலிக்காரர் செய்யும் அதே வேலையைக் கூலியின்றிச் செய்யவைத்தால் இருவருக்குமே அநீதி.

2009இல் ஒபாமா அரசு அறிவித்த நிதியுதவியால் மாநிலங்கள் சுமார் 2,60,000 மானிய வேலைகளை உருவாக்கின. 2010 செப்டம்பர் 30உடன் நிதி நின்றது. மானியம் எந்த நாளில் முடியும் என்பதைத் தொழிலாளிக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அது முடிந்ததும் ஆளை அனுப்பிவிட்டு அடுத்த மானிய ஆளைக் கேட்டு வரும் முதலாளிக்கு, மறுபடி ஒருவரையும் தரக்கூடாது.