இரண்டாவது கோப்பை

ஜெர்மனியில், ஹாலே நகரத்தில், என் மகள் குடியிருக்கும் மாடியின் எதிர்வீட்டுக் கதவு திறந்ததற்கும் மூடியதற்கும் இடைப்பட்ட அந்த அரை நிமிஷம், நான் ஊர் திரும்பி எட்டு மாதங்கள் ஆன பின்பும் மனத்தைவிட்டு அகலவில்லை. நடந்தது மிகச் சிறிய சங்கதி. எதிர்வீட்டு மூதாட்டிக்கு வந்த பொட்டலம் ஒன்றை, அவர் வெளியே போயிருந்தபடியால், தபால்காரர் எங்களிடம் ஒப்படைத்துப் போயிருந்தார். அவ்வூரில் அது வழக்கம். நாலு மணி சுமாருக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நன்றி சொன்னார்; ஒரு கணம் திரும்பித் தம் வீட்டினுள்ளே பார்த்தார்; பிறகு என்னிடம், “உங்களுக்கு நேரம் இல்லையோ?” என்று பொருள்படும் ஒரு சிறு வாக்கியத்தை ஜெர்மன் மொழியில் கேட்டார். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட, பகல் முழுவதும் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நேரத்தைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. “நைன்” என்றேன், ‘இல்லை’ என்று அர்த்தம். “இல்லை இல்லை, வேண்டிய மட்டும் இருக்கிறதே” என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். பிற்பகுதிக்குரிய சொற்களை மனம் தேடிக்கொண்டிருக்கையிலேயே அவர் தலையசைத்து, புன்னகையுடன் விடை கூறி, கதவை மெல்லச் சாத்திக்கொண்டார். அது சாத்தப்படுமுன், அவருடைய தோளுக்கு அப்பால், மேஜைமீது இரண்டு கோப்பைகள் இருந்ததைக் கண்டேன்.

இத்தகைய சந்தர்ப்பத்துக்கென்றே அம்மொழியில் ஒரு சொல் உண்டு. ‘டொஃக்’ என்பது அது. ஈற்றிலே தொண்டையை உரசிக்கொண்டு வரும் ஒலியை நம் ஆய்தத்தைக் கொண்டுதான் ஒருவாறு குறிக்க முடியும். ‘இல்லையோ’ என்று கேட்டவரிடம் ‘நைன்’ என்றால், ‘நீங்கள் நினைத்தது சரி, இல்லைதான்’ என்று முடிந்துவிடும். ‘டொஃக்’ என்றால்தான் ‘இருக்கிறதே!’ என்று ஆகும். ‘இருக்கிறது’ என்பதற்கும் ‘இருக்கிறதே’ என்பதற்கும் உள்ள பேதத்தை நம்மில் யாரும் வகுப்பில் கற்றதில்லை; தேற்றப் பொருளில் வரும் அந்த ஏகாரம் தாய்ப்பாலோடு வந்தது. நன்னூலில் விடை எட்டு வகை என்று மனப்பாடம் செய்வித்த என் தமிழாசிரியர், மறுப்பது ‘மறை’, உடன்படுவது ‘நேர்’ என்று சொல்லிக்கொடுத்தார். மறுப்பதன் மூலமே உடன்படுகிற விடையை அவற்றுள் எதில் சேர்ப்பது என்று இப்போது யோசிக்கிறேன். எட்டில் எதில் சேர்ந்தாலும், அந்த விடைக்கு ஒரு விசேஷம் உண்டு: எதிரே ஒருவர் நின்று, நம்மைப்பற்றி ஏதோ ஒன்றைத் தவறாக எண்ணி, ‘இல்லையோ’ என்று தயங்கினாலன்றி அது பிறப்பதே இல்லை. தனியே இருப்பவனுக்கு அந்தச் சொல்லைச் சொல்ல இடமே கிடையாது.

ஆயினும் தனியே இருந்துதான் அதை நான் கற்றேன். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின், கைப்பேசிச் செயலி ஒன்றின் துணையால், தினம் அரை மணி நேரமாக இரண்டு வருஷம் அந்தப் பாஷையைப் பயின்றேன். சென்னையில் ஜெர்மன் வகுப்புகளுக்குக் குறைவில்லை; இருபது வயதுப் பிள்ளைகள் நடுவே எழுந்து நின்று பிழையாக உச்சரிக்கும் சங்கோசமே என்னைத் தடுத்தது. செயலியிடம் அந்தச் சங்கோசம் இல்லை. சரியாகச் சொன்ன சொல்லை நாள் கடத்தித் திரும்பக் கேட்கும். தவறிய சொல்லை உடனே கேட்கும். எத்தனை முறை தவறினாலும் முகம் சுளிக்காது. இந்த உபாயத்துக்கு மூலம், எபிங்ஹௌஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1885-இல் ஞாபகத்தைப்பற்றி வெளியிட்ட ஆராய்ச்சி. மறதி எந்தக் கணக்கில் வந்து சேர்கிறது என்று அளப்பதற்காக அவர் பொருளற்ற அசைகளை ஆயிரக்கணக்கில் உண்டாக்கித் தாமே உருப்போட்டார். மாணாக்கரும் அவரே, பரீட்சகரும் அவரே. அந்தப் பிரயாசையை வணங்குகிறேன். ஆனால் பொருளற்ற அசைகளுக்கென்று கண்ட கணக்கு, ஒரு கிழவி கதவருகே நின்று கேட்கும் கேள்விக்கு எவ்வளவு தூரம் உதவும்? ‘டொஃக்’ என்பதைத் திரையில் குறைந்தது நூறு தடவை சரியாகத் தொட்டிருப்பேன். பச்சை வர்ணம் தோன்றும். இனிய மணியோசை கேட்கும். விடைக்காகக் காத்து நிற்கும் ஒரு முகம் மட்டும் அங்கே ஒருநாளும் இருந்ததில்லை. அதற்காகச் செயலிமீது பழி சுமத்துவதும் நியாயமாகத் தோன்றவில்லை. அது இல்லாவிடில் அவர் கேட்டதே எனக்கு விளங்கியிராது. விளங்காமல் வெறுமனே சிரித்துக்கொண்டு நின்றிருந்தால், ஒருவேளை சைகையால் உள்ளே அழைத்திருப்பாரோ என்றும் சில இரவுகளில் தோன்றுகிறது.

இளமையில் படித்த ஒரு சுயசரிதை அரைகுறையாக நினைவுக்கு வருகிறது. டிராய் நகரைத் தோண்டிக் கண்டதாகப் புகழ்பெற்ற ஷ்லீமன், ஆம்ஸ்டர்டாமில் ஒரு வியாபார நிலையத்தில் இளைஞராக வேலை பார்த்த காலத்தில், 1844-ஆம் வருஷம் என்று ஞாபகம், ருஷ்ய பாஷையைக் கற்க ஆசைப்பட்டார். கற்பிக்க ஊரில் ஆள் அகப்படவில்லை. தாமே புத்தகத்தை வைத்துக்கொண்டு உரக்கப் படித்தார். கேட்பதற்கு எதிரே யாரேனும் இருந்தால் ஊக்கம் உண்டாகுமென்று, வாரத்துக்கு நாலு பிராங்கு கூலி பேசி, ஓர் ஏழை யூதரை அமர்த்திக்கொண்டார். அந்த மனிதர் தினமும் மாலை இரண்டு மணி நேரம் வந்து உட்கார்ந்து, தமக்கு ஓரெழுத்தும் விளங்காத பாஷையைக் கேட்டுவிட்டுப் போவாராம். சத்தம் பொறுக்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, ஷ்லீமன் இரண்டு முறை ஜாகை மாற்ற நேர்ந்தது. ஆறே வாரத்தில் ருஷ்ய மொழியில் கடிதம் எழுதிவிட்டார் என்பதைப் படித்து அன்று வியந்தேன். இன்றோ என் எண்ணம் அந்தக் கூலிக்காரரிடமே போய் நிற்கிறது. புரியாதவற்றை இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்த அவருடைய கண்களாவது ஷ்லீமனுக்கு எதிரே இருந்தன. ஒரு வார்த்தை தடுமாறினால் அந்தக் கண்கள் நிமிர்ந்து பார்த்திருக்கும் அல்லவா? அது போதுமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

என் தாயார் இரண்டாவது பாஷை ஒன்றைக் கற்றதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மதுரையில் நாங்கள் வசித்த சந்தில் பெரும்பாலும் சௌராஷ்டிரர் வீடுகள். பிற்பகலில் அடுப்படி வேலை ஓய்ந்ததும் பக்கத்து வீட்டு அக்கா திண்ணையில் சுங்குடித் துணியை மடிமீது விரித்து, நகத்தால் இம்மி இம்மியாகக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட உட்காருவார். அம்மாவும் போய் அருகில் உட்காருவாள். முடிச்சுப் போடும் சொல் முதலில் வந்தது. பிறகு நூல், பிறகு சாயம், பிறகு கூலி குறைந்துபோன வருத்தம், பிறகு மாமியார். அம்மா பேசிய சௌராஷ்டிரம் கடைசி வரையில் பிழையாகவே இருந்ததென்று அந்த வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் சொல்லிச் சிரித்ததுண்டு; அவளும் கூடச் சிரிப்பாள். ஆனால் அவள் வாக்கியத்தைப் பாதியில் விட்டுத் தடுமாறும்போது, அந்த அக்கா முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமலே மீதியை எடுத்துக்கொடுத்துவிட்டுத் தம் பேச்சைத் தொடர்வார். திண்ணைக்குக் கதவு கிடையாது. அங்கே அரை வாக்கியம் அரை வாக்கியமாகவே அரை மணி நேரம் கிடக்கலாம். ஹாலேயில் எனக்குக் கிடைத்தது இரண்டு விநாடி.

ஆகவே வகுப்பும் வேண்டாம், செயலியும் வேண்டாம், சம்பாஷணையே வழி என்று முடிவுகட்ட மனம் விரைகிறது. அதையும் என்னால் நிச்சயமாகச் சொல்ல இயலவில்லை. ஏனென்றால் என் மகள் முறையாக வகுப்பில் பயின்று, பரீட்சைகள் தேறி, ஏழு வருஷமாக அவர்களிடையே வாழ்பவள். “அவசரத்தில் எனக்கும் இன்னும் ‘நைன்’தான் அப்பா முதலில் வருகிறது” என்றாள். அதே ஹாலேயில் பயின்ற சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, ஒரு கிழ உபாத்தியாயரின் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் நம் எழுத்துக்களை எழுதிப் பழகினார். அவர் இருபத்து நாலு வயதில் சிறுவர் நடுவே உட்கார்ந்தார். நான் அறுபத்து மூன்று வயதில் இளைஞர் நடுவே உட்கார மறுத்தேன். ஆனால் அந்த மணல் எழுத்தும் ஒருவகை அப்பியாசம்தானே? அழித்து அழித்து எழுதியதும், நாள்தோறும் திரும்பச் சொன்னதும், என் கையிலுள்ள கருவி செய்விப்பதும் ஒன்றேதான் என்று ஒருவர் வாதித்தால், பக்கத்தில் ஒரு சிறுவனின் முழங்கை இடித்திருக்கும் என்பதைத் தவிர நான் சொல்லக்கூடிய மறுமொழி வேறில்லை.

அந்த நாலு மணிக்குப் பிறகு பதினொரு நாட்கள் அங்கே இருந்தேன். ‘டொஃக்’ என்பதை ஜன்னலோரத்தில் இருந்து வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தயாராக வைத்திருந்தேன். மாடிப்படியில் மூன்று முறை சந்தித்தோம். வணக்கம் சொன்னார், குளிரைப்பற்றிச் சொன்னார். நேரம் இல்லையோ என்று மட்டும் மறுபடியும் கேட்கவில்லை. கேட்காதவரிடம் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? நானே கதவைத் தட்டி, அன்று தவறாகச் சொல்லிவிட்டேன் என்று விளக்கியிருக்கலாம். அதற்குரிய வாக்கியங்கள் எனக்குத் தெரிந்தே இருந்தன. ஏன் தட்டவில்லை என்பதை எந்தப் பாஷையிலும் எனக்கே விளக்கிக்கொள்ள முடியவில்லை. அந்த இரண்டாவது கோப்பை காலையில் குடித்துவிட்டு எடுக்காமல் வைத்ததாக இருக்கலாம். வேறு யாரோ வருவதாக இருந்திருக்கலாம். இறந்துபோன கணவருடையதாகவும் இருக்கலாம். எனக்காக வைத்தது என்பதற்கு அத்தாட்சி ஏதுமில்லை. போன வாரம் தொலைபேசியில் பேசுகையில், எதிர்வீட்டு அம்மாள் சௌக்கியமா என்று மகளைக் கேட்டேன். “சௌக்கியம் அப்பா, உங்களையும் விசாரித்தார்” என்றாள். என்னவென்று விசாரித்தார் என்று கேட்கத் தோன்றியது. பேத்தி அழுததால் அவள் போய்விட்டாள்.