ஏவலும் தோளும்

ரேடியோவால் இயங்கும் மாதிரி டாங்கியில் பீரங்கிக் குழலை ஏற்றியிறக்கும் சிறு யந்திரத்திற்குச் 'சர்வோ' என்று பெயர். அடிமை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது அது. சாதியின் ஏவலையும் தோட்டத்துக் கங்காணியின் ஏவலையும் அறிந்த நமக்கு, அது வெறும் பெயராகத் தோன்றுவதில்லை.

இவ்வடிமை எவ்வாறு உழைக்கிறது? விநாடிக்கு ஏறத்தாழ 50 முறை அதற்கொரு மின்துடிப்பு வருகிறது. துடிப்பின் நீளம் விநாடியில் ஆயிரத்திலொரு பங்கு முதல் இரு பங்கு வரை. குழல் எவ்வளவு உயர வேண்டும் என்பதை அந்நீளமே கூறும். அச்சோடு இணைந்த மின்தடை, தான் நிற்கும் நிலையைத் தெரிவிக்கிறது. ஏவிய நிலைக்கும் நிற்கும் நிலைக்கும் வேற்றுமை தீரும்வரை மோட்டார் சுழலும். சர்வோவின் கை அகலச் சுழல்வது. குழலோ சில பாகைகளே உயர்வது. ஆகவே இணைப்புக் கம்பியைக் கையின் உட்துளையில் மாட்டுவர். நெம்புகோலின் கணக்கைச் சிறுவர்க்குக் கற்பிக்க இதனினும் இனிய பாடம் அரிது. இதை வீண் விளையாட்டென இகழ்வோரோடு நாம் சேரோம்.

ஆயினும் ஒன்று. சர்வோ தன் பிழையை ஓயாது அளக்கிறது. ஏவலின் பிழையை ஒருபோதும் அளப்பதில்லை. யந்திரத்திற்கு அது குணம். மனிதனுக்கு?

செலாயாங் வழியே கோலாலம்பூர் புகும் ஈப்போ சாலையில், வடக்கே சிலிம் ரிவரில், 1942 ஜனவரி 7ஆம் நாள் விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் 11ஆவது இந்திய டிவிஷனின் காவலைப் பிளந்து சென்றன. எதிர்த்து நின்றோரிடம் டாங்கி ஒன்றேனும் இல்லை. 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. ஜப்பானியரின் 97ஆம் வகை டாங்கியில் 57 மில்லிமீட்டர் பீரங்கியை உயர்த்தப் பற்சக்கரம் கிடையாது. பீரங்கிக்காரன் தன் தோளை முட்டுக் கொடுத்தே குழலை உயர்த்தினான். அதே டாங்கியை இன்று மாதிரியாகச் செய்வோர், அத்தோள் இருந்த இடத்தில் சர்வோவைப் பொருத்துகின்றனர்.

"ஏவினார்கள், செய்தேன்" என்பவன் தன் தோளைச் சர்வோ ஆக்கிக்கொள்கிறான். மறுத்தால் உயிர் போகுமே என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். 1945இல் வகுத்த நூரம்பர்க் நீதிமன்றச் சாசனத்தின் 8ஆம் விதி, மேலதிகாரியின் கட்டளை ஒருவனைப் பொறுப்பினின்று விடுவிக்காது என்றது. தண்டனையைக் குறைக்க மட்டும் அதைக் கருதலாம் என்றது. அஞ்சியவனுக்கு இரக்கம் உண்டு, விடுதலை இல்லை. நமக்கும் அதுவே சரியெனப் படுகிறது. ஆனால் ஏவியவன் அந்த இரக்கத்திலும் பங்கு கேட்க முடியாது.

மாதிரியின் மூடியைத் திறந்து சர்வோவைக் காட்டும் தந்தை, அங்கே முன்பு ஒரு மனிதனின் தோள் இருந்ததென்பதையும் மகனுக்குச் சொல்லலாம். 'அவர் மாட்டேனென்று சொல்லியிருக்கலாமா, அப்பா?' என்று அவன் கேட்பான். தந்தை சற்றே திணறட்டும்.