விட்டதைப் பிடிக்கும் கணக்கு

நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்களுக்கு நஷ்டம் புதிதல்ல. புரட்டாசியில் பாதி ஊர் கவுச்சியை விட்டுவிடும். முட்டை விலை இறங்கும், தீவன விலை இறங்காது. அதற்காக யாரும் பண்ணையைப் பூட்டுவதில்லை. விரதம் முடிந்தால் விலை ஏறும், விட்டதைப் பிடித்துவிடலாம். காலியாகத் திரும்பிய லாரிக்கும் அடுத்த நடையில் ரிட்டன் லோடு கிடைக்கும். இந்தப் பக்கம் வளர்ந்தவர்களில் பலர் இப்படித் தாக்குப்பிடித்தே வளர்ந்தவர்கள்.

அதே குணத்தோடு சீட்டாட உட்கார்ந்தால் வினை.

நமக்கு மங்காத்தாவும் ரம்மியும்தான் பழக்கம். கோவா, கொழும்பு கேசினோக்களுக்குப் போய் வருகிறவர்கள் இப்போது பிளாக்ஜாக் பேசுகிறார்கள். ஆட்டம் எளிது. கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல் டீலரை முந்த வேண்டும். படச் சீட்டுக்குப் பத்து; ஏஸ் ஒன்று அல்லது பதினொன்று. டீலர் யோசிக்கவே வேண்டியதில்லை: 16 வரை எடுத்தாக வேண்டும், 17 வந்தால் பொதுவாக நிறுத்த வேண்டும். சூட்சுமம் வேறிடத்தில் இருக்கிறது. முதலில் எடுப்பவர் நாம். நாம் 21-ஐத் தாண்டினால் அப்போதே பணம் போய்விடும். பிறகு டீலரும் தாண்டினாலும் திரும்பி வராது. கேசினோவின் பிழைப்பே இந்த விதியில்தான்.

புதியவர்கள் செய்யும் தவறுகளும் தெரிந்தவைதாம். டீலரின் திறந்த சீட்டில் 6 தெரியும்போது 14-ஐ வைத்துக்கொண்டு இன்னொரு சீட்டுக் கேட்பார்கள். நின்றிருந்தால் டீலரே தாண்டியிருக்கக் கணிசமான வாய்ப்பு உண்டு. டீலரிடம் பத்து தெரியும்போது 16-இல் பயந்து நிற்பார்கள், எடுப்பதே மேல். ஏஸ் தெரிந்தால் 'இன்சூரன்ஸ்' கட்டுவார்கள். பெயர் நம்பிக்கை தருகிறது. டீலரின் மூடிய சீட்டு பத்தானால் ஒன்றுக்கு இரண்டு தருவார்கள். ஆனால் அப்படி இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றைக்கூட எட்டாது.

1956-இல் அமெரிக்க ராணுவத்தில் பணிசெய்த நால்வர் இதையெல்லாம் கணக்கிட்டு, எப்போது நிற்பது, எப்போது எடுப்பது என்று வெளியிட்டார்கள். விதிகள் சாதகமாக உள்ள மேசையில் அப்படியே பிசகாமல் ஆடினாலும், கட்டும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் சராசரியாக ஐம்பது காசு கேசினோவுக்குத்தான் போகும். 1962-இல் எட்வர்ட் தார்ப் என்ற கணித ஆசிரியர், வெளியேறிய சீட்டுகளை எண்ணிக்கொண்டே வந்தால் ஜெயிக்கலாம் என்று காட்டினார். அந்த அளவுக்குச் சீட்டுக்கட்டுக்கு நினைவு உண்டு. நாம் எவ்வளவு விட்டோம் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

"விட்டதைப் பிடிச்சுட்டு எந்திரிச்சுக்கறேன் மாப்ளே" என்று ஆரம்பிக்கும்போது, நூற்றுக்கு ஐம்பது காசு என்ற கணக்கு மாறாது, கட்டும் பணம்தான் பெருகும். ஆயிரம் இரண்டாயிரமாகும், இரண்டு நாலாகும். முட்டை விலை ஏறக் காரணம் உண்டு, வாங்கும் ஆள் உண்டு. அடுத்த சீட்டு நல்லதாக வர என்ன காரணம்?

திறமை இருக்கிறதே என்பார்கள். ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றமே 1967-இல் சொன்னது. தமிழ்நாடு 2022-இல் ஆன்லைன் ரம்மியைத் தடுக்கச் சட்டம் போட்டபோதும் அந்த வாதமே உயர் நீதிமன்றத்தில் எழுந்தது, 2023-இல் வென்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல் பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. எனக்கு அது சரியென்றே படுகிறது. திறமைசாலி என்ற நினைப்புதான் தோற்றவனை எழ விடாமல் உட்கார வைக்கிறது.

தீபாவளிக்கு வீட்டில் பிளாக்ஜாக் ஆடிப் பாருங்கள், தப்பில்லை. பந்தயத்துக்குப் புளியங்கொட்டை போதும். 16-இல் நிற்பதா, எடுப்பதா என்ற தவிப்பு அதிலும் குறையாது.