அறிந்தவரே சான்று

வேலைக்கு மனுச் செய்யும் இளைஞனிடம், அவனை நன்கறிந்த, உறவினரல்லாத இருவரின் பெயர்களைக் கேட்கிறார்கள். யாருடைய பெயரை எழுதுவது? கொடைக்கானலை அடுத்த வில்பட்டியில் ஒரு பிள்ளை, பூண்டு வியாபாரியிடம் ஈராண்டுகள் கணக்கெழுதியதாக வைத்துக்கொள்வோம். அந்த வியாபாரியை விட்டுவிட்டு, ஏதோவொரு திருமணத்தில் சலாம் சொன்ன பிரமுகரின் பெயரை எழுதவே அவன் மனம் விழையும். பெற்றோரும் அதையே சாமர்த்தியம் என்பர்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம், ஒரு மனிதரின் நேர்மைக்குச் சான்று கூற ஒருவர் முன்வந்ததாக ஓர் அறிவிப்பு உண்டு. அம்மனிதரின் அண்டை வீட்டில் வாழ்ந்தீரா, அவரோடு பயணம் செய்தீரா, பணம் கொடுத்து வாங்கினீரா என்று கலீஃபா வினவினார்கள். மூன்றிற்கும் இல்லை என்றே விடை வந்தது. பள்ளிவாசலில் தொழக் கண்டதைக் கொண்டு பேசுகிறீர் போலும், நீர் அவரை அறியவில்லை என்று கூறி அனுப்பிவிட்டார்கள். மூன்று வினாக்களில் ஒன்றேனும் சான்று கூறுபவரின் அந்தஸ்தைக் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவை கேட்டது பழக்கத்தை. இந்த அளவுகோலில் வியாபாரி தேறுகிறார், பிரமுகர் தேறவில்லை. அறியாதவரிடம் நற்சான்று கேட்பது, அவர் தலையில் பொய்ச்சாட்சியத்தின் சுமையை ஏற்றுவதாகும்.

வியாபாரி நம் குறையையும் சொல்லிவிட்டால்? அச்சம் இயல்பே. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, ஒருவர் வறியவர், மற்றவர் பெண்களிடம் கடுமையானவர் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மறைக்காது உரைத்தார்கள். ஆலோசனை கேட்கப்பட்டவர் தேவையான அளவு உண்மை சொல்வது புறம் பேசுதலாகாது என்று இமாம் நவவீ (ரஹ்) விளக்கியுள்ளார்கள். தேவைக்கு மேல் ஒரு சொல்லும் கூடாது.

ஆகவே பெயர் எழுதுமுன் அனுமதி கேட்க வேண்டும். நல்லது சொல்ல இயலாதவர் அப்போதே மறுத்துவிடுவது மனுதாரருக்குச் செய்யும் உபகாரம். சிறியவரின் பெயரை எழுதியதால் வேலை கைநழுவவும் கூடும், அதை மறுப்பதற்கில்லை. அந்த இழப்பில் வேலை கொடுப்போருக்கும் பங்குண்டு. பெயருக்குப் பின்னுள்ள பட்டத்தை மட்டும் பார்த்து, பூண்டுக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் மனுவை ஒதுக்குபவர், உண்மை எழுதும் பிள்ளைகளுக்குப் பொய்யெழுதக் கற்றுக்கொடுக்கிறார்.