மாட்டுங்காவில் சரஸ்வதி யாருக்கு?

மும்பையில் பல்கலைக்கழக நகரம் என்று ஒரு வட்டாரத்தைக் காட்டச் சொன்னால் மாட்டுங்கா கிழக்கைத்தான் காட்ட வேண்டும். 1887-இல் தொடங்கிய விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கல்லூரி 1923-இல் இங்கே வந்தது; இன்று அதற்கு வீரமாதா ஜீஜாபாய் பெயர். ரூயா, கால்சா கல்லூரிகள் 1937-இல் எழுந்தன. 1933-இல் பிறந்த பம்பாய்ப் பல்கலைக்கழக வேதித் தொழில்நுட்பத் துறையும் பிறகு இங்கேயே குடியேறியது. அதற்குத் தலைமை தாங்கிய சாய வேதியியல் மேதை கே. வெங்கடராமன், புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநரானார்.

இங்கே குடியேறிய தமிழர்களுக்குக் கோயிலும் பள்ளியும் சேர்ந்தே வேண்டியிருந்தன. 1920களில் ஆஸ்திக சமாஜம். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம். பண்டார்கர் சாலையில் இன்றும் நேந்திரங்காய் வறுவல் மணக்கும். பூக்கடைக்காரர் வாழைநாரில் மல்லிகை கட்டிக்கொண்டிருப்பார். தேர்வுக் காலத்தில் ஹால் டிக்கெட்டைச் சாமி காலடியில் வைத்து எடுக்கும் பிள்ளைகளும் உண்டு. கல்வி இங்கே தெய்வ காரியம்.

ஆனால் கல்வியைத் தெய்வமாகக் கும்பிடுகிறவர், அது அடுத்த தெருவுக்குப் போய்ச் சேராததைப் பார்த்துக்கொண்டு இருக்கலாமா? அப்படியிருந்தால் அந்தக் கும்பிடு யாருக்கு?

மத்திய ரயில் பாதையைத் தாண்டினால் தாராவி. அங்கேயும் தமிழர்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பதனிட்டவர்கள், அவர்களின் பேரப்பிள்ளைகள். பெரிய பள்ளிவாசல், பிள்ளையார் கோயில், தேவாலயம் எல்லாம் உண்டு. பக்திக்கு ஒரு குறைவும் இல்லை. மாட்டுங்கா கல்லூரிகளின் வாசல்தான் அவர்களுக்கு நெடுநாள் தூரமாக இருந்தது. பணம் ஒரு காரணம். சாதி அதைவிடப் பழைய காரணம்.

அந்தக் கும்பிடு யாருக்கு என்ற கேள்விக்குத் தம் வாழ்நாளையே விடையாகக் கொடுத்தவர் மாட்டுங்காவை ஒட்டிய தாதர் இந்து காலனியில்தான் வாழ்ந்தார். நாசிக் காலாராம் கோயிலில் தலித்துகள் நுழைய 1930-இல் அம்பேத்கர் தொடங்கிய போராட்டம் ஐந்தாண்டு நீண்டும் கதவு திறக்கவில்லை. அதே காலத்தில் அவர் கட்டிய ராஜகிருகம் என்ற வீட்டில் புத்தகங்கள்தாம் முதல் குடித்தனம். ஐம்பதாயிரத்துக்கு மேல் இருந்தன என்பார்கள்.

1946-இல் பம்பாயில் ஒரு கல்லூரி தொடங்கி அதற்குச் சித்தார்த்தா என்று பெயரிட்டார். அவர் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14-இல். புத்தரின் பெயரில் முதலில் கல்லூரி, பத்தாண்டு கழித்தே தீட்சை. கதவைத் திறந்து வைப்பதே வழிபாட்டின் முதல் படி என்பதை இந்த வரிசையே சொல்லிவிடுகிறது. மாட்டுங்காவின் பக்தி இன்னும் அந்தப் படியில் முழுதாக ஏறவில்லை.

ஏறுவது கடினமல்ல. தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. வரும் சரஸ்வதி பூஜைக்கு மாட்டுங்கா, செம்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் அங்கே படிக்கும் ஒரு பிள்ளையின் கல்லூரிச் செலவையாவது ஏற்றுக்கொள்ளட்டும்.